கோணலை எந்த அறையில் வைப்பது

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே ஒன்பதாம் வகுப்பு முழுவதும் பள்ளி மைதானத்தின் மூலையில் கூடிவிட்டது. இருபத்தெட்டுப் பிள்ளைகள், பன்னிரண்டு முடிச்சுப் போட்ட ஒரு நீளக் கயிறு, நான்கு மரமுளைகள், ஒரு சுத்தியல், ஒரு குவியல் செங்கல். தோட்டத்து மண்வெட்டியும் பூவாளியும் வைக்கப் பத்தடிக்கு எட்டடியில் ஓர் அறை கட்ட வேண்டும். கட்டப்போவது பிள்ளைகள்தாம்.

கணக்கு டீச்சர் வடிவியலைக் கரும்பலகையில் ஆரம்பிப்பதில்லை. அரைவட்டம் என்றால் பழைய கடைத்தெருவின் வளைவு வாசல்களுக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்துவாள். முக்கோணம் என்றால் ஓட்டுக் கூரைகள். எண்கோணம் என்றால் சந்தை மண்டபத்துத் தூண்கள். சதுரக் கல்லின் நான்கு மூலையைச் சீவினால் எட்டு முகம் எப்படி வருகிறது என்று பிள்ளைகள் ஆளுக்கொரு சோப்புக்கட்டியைச் சீவிப் பார்ப்பார்கள். அந்த வாரம் முழுக்க வகுப்பறை குளியலறை மாதிரி மணக்கும். பார்த்ததை அளப்பார்கள், அளந்ததை வரைவார்கள், கடைசியில் எதையாவது கட்டுவார்கள். அவள் வகுப்பில் ஒரே ஒரு சட்டம்: எதைப் பார்த்தாலும் ஏன் இப்படி என்று கேட்க வேண்டும். கேட்காதவருக்கு மதிப்பெண் இல்லை.

"டீச்சர், மூணு முடிச்சு இங்க, நாலு முடிச்சு அங்க. அஞ்சாம் பக்கம் சரியா வரல."

"அஞ்சாம் பக்கம் இல்லடி, அஞ்சு முடிச்சுப் பக்கம்," என்று திருத்தினாள் வகுப்புத் தலைவி. ஒல்லியாக, நெடுநெடுவென்று இருந்ததால் அவளுக்கு ஸ்கேல் என்று பெயர். "கயித்த இழுத்துப் புடிக்கச் சொல்லுங்க டீச்சர். இவன் என்னமோ பட்டம் விடற மாதிரி நிக்கறான்."

கயிறு விறைத்தது. செங்கோணம் வந்தது. நான்கு முளைகளும் இறங்கின. மூலைக்கு மூலை டேப் பிடித்தார்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தன. கைதட்டிக்கொண்டார்கள். அப்புறம்தான் ஒரு பையன் பின்னால் போய் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"டீச்சர், காம்பவுண்ட் சுவருக்கும் நம்ம கயித்துக்கும் நடுவுல இந்தப் பக்கம் நான் நிக்கலாம். அந்தப் பக்கம் என் கால் மட்டும்தான் போகும்."

உண்மைதான். வகுப்பறைக் கட்டடத்தோடு ஒட்டிப் பார்த்தால் கயிறு நேராக இருந்தது. மதில் சுவரோடு பார்த்தால் கோணலாக இருந்தது. பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்த ஆரம்பித்தார்கள். அந்த நேரத்தில்தான் டீச்சருடைய கொழுந்தன் பைக்கை நிறுத்திவிட்டு, தோளில் பையோடு வந்தான். பையில் ரசமட்டம், தூக்குக்குண்டு, இரண்டு கொத்துக்கரண்டி. அவள் கணவரைப் போல அவனும் கொத்தனார். அண்ணனிடம் தொழில் படித்தவன். முதல் வரிசைச் செங்கல்லை வைத்துக் காட்ட வரச்சொல்லியிருந்தாள்.

"என்ன அண்ணி, சட்டசபை கூடியிருக்கு?"

"நாங்க சரியாதான் போட்டோம் சார், சுவர்தான் கோணல்," என்றாள் ஸ்கேல்.

"அப்ப சுவர இடிச்சுட்டு நேரா கட்டிடலாம். ஹெட்மாஸ்டர்கிட்ட நீயே போய்ச் சொல்லிட்டு வந்துடும்மா."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக் கயிற்றின் வழியே பார்த்தான்.

"எந்த இடமும் நாலு பக்கமும் நேரா கெடைக்காது. எங்கயாச்சும் ஒரு கோணல் இருக்கத்தான் செய்யும். அத இல்லாம பண்ண முடியாது. எங்க கொண்டு போய் வைக்கறதுங்கறதுதான் மேஸ்திரியோட மூள. இங்க என்ன பண்ணலாம்? அறைய நேரா கட்டுங்க. கோணல அறைக்கும் சுவருக்கும் நடுவுல விட்ருங்க. அங்க ரெண்டு செடி வச்சா யாருக்குத் தெரியப் போகுது?" சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினான். "உங்க வீட்ல அண்ணன் படுக்கையறையில வச்சாரு பாருங்க, அது மாதிரி."

அவள் கையில் பிடித்திருந்த டேப்பின் நுனி வழுக்கி உள்ளே சுருண்டது.

"என்ன வச்சாரு?"

"கோணல." அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தான். குரலைத் தணித்துக்கொண்டான். "உங்க மனை ஒரு பக்கம் அர அடி கம்மியாச்சே அண்ணி. பின்னாடி சந்து சாஞ்சு வருதுல்ல. வரிசையா மூணு ரூம். அந்த அர அடிய எதுலயாவது போட்டாகணும். உங்ககிட்ட சொல்லலயா?"

அவள் பிள்ளைகளைப் பார்த்து, "செங்கல்ல தண்ணில நனைங்க," என்றாள். அவர்கள் ஏற்கெனவே நனைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஊர் முழுக்க அவள் கணவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடும். அவர் கட்டிய வீடுகளில் கதவு தானாகத் திறக்காது, தானாகச் சாத்தாது என்று ஒரு பெயர் உண்டு. போன வருஷம், இதே பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, செவ்வகம் என்றால் என்ன என்று காட்ட அவர்களைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போனாள். பெருமைதான் காரணம். முன்னறையை அளந்தார்கள், குறுக்களவு இரண்டும் சமம். சமையலறை, சமம். கடைசியில் படுக்கையறை. ஒரு பக்கச் சுவர் பன்னிரண்டு அடி, எதிர்ச் சுவர் பதினொன்றரை. மூலைக்கு மூலை நாலரை அங்குலம் வித்தியாசம். அதை உரக்கச் சொன்னது ஸ்கேல். எல்லாரும் ஓவென்று கூவினார்கள். டீச்சரும் சிரித்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். பள்ளிக் கண்காட்சிக்கு அந்த வீட்டின் வரைபடத்தையே பெரிய அட்டையில் வரையச் செய்தாள். படுக்கையறையைச் சுற்றிச் சிவப்பு மையில் கோடு. கீழே தலைப்பு, அவளே சொல்லி எழுத வைத்தது: 'கட்டியவர் செய்த பிழை: அரை அடி.'

பெற்றோர்கள் வந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் மேஸ்திரியிடம் வீடு கட்டியவர்கள், மீதிப் பேர் கட்டப் போகிறவர்கள். "என்ன மேஸ்திரி, எங்க வீட்டையாச்சும் நேரா கட்டுவீங்களா?" என்று ஒருவர் அவர் முதுகில் தட்டினார். அவர் சிரித்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த அட்டையைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். வீட்டுக்கு வரும் வழியில், "கணக்குல தப்புன்னா தப்புதானேங்க, இதுல என்ன கோவம்?" என்று அவள் கேட்டாள். "கோவம் இல்ல," என்றார். மூன்றாம் வாரம், பஸ்ஸில் நான்கு மணி நேரம் போகும் ஊரில் பெரிய கட்டட வேலை ஒன்றை ஒப்புக்கொண்டு போய்விட்டார்.

ஏழு மாதம் ஆகிறது. இந்த ஏழு மாதத்தில் ஒரு தடவைகூட அவர் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் வரும்.

"மோட்டார் ஓடுதா?"

"ஓடுது."

"தண்ணி?"

"வருது."

"சரி."

விடுதியில் தங்கிப் படிக்கும் மகளுக்குக்கூடப் பொறுமை போய்விட்டது. "நீங்க ரெண்டு பேரும் என்ன வச்சே பேசிக்கறீங்க. எனக்கு இதுக்கு யாராவது டிகிரி தருவாங்களா?" என்றாள் போன மாதம்.

முன்னறை விளக்கு எரிந்துபோய் மூன்று வாரம். பல்பு வாங்கி வைத்திருக்கிறாள். ஸ்டூலில் ஏறினால் அது ஆடும். பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். பக்கத்து வீட்டில் கூப்பிட்டால் வருவார்கள். மேஸ்திரி வீட்டில் பல்பு மாட்ட ஆள் இல்லை என்று அவர்கள் நினைப்பார்கள். அதனால் மாலையானால் சமையலறை வெளிச்சத்தைக் கதவு வழியே முன்னறைக்கு விட்டு, அதில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவாள்.

முதல் வரிசை வைத்து முடித்துக் கை கழுவும்போது கொழுந்தன் இன்னொன்றும் சொன்னான்.

"அண்ணன் திங்கக்கெழம அங்க ஒரு வருஷத்துக்கு எழுதிக் குடுக்கறாராம். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்." கொஞ்சம் தயங்கினான். "ஒரு வருஷம்பாங்க. அந்த வேல அப்படியே அடுத்த கட்டடம், அடுத்த கட்டடம்னு இழுத்துட்டுப் போயிடும். நீங்க ஒரு வார்த்த பேசுங்க அண்ணி."

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் அவள் புடவையைக்கூட மாற்றவில்லை. பள்ளியின் நீள டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வீட்டின் இரண்டு பக்கமும் ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கும் அளவுக்குச் சந்து. தெருவிலிருந்து பின்சந்து வரை, இரண்டு பக்க நீளத்தையும் அளக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் டேப் என்பது இரண்டு பேருக்கான சாமான். நுனியை முன் மூலையில் செங்கல் வைத்து அழுத்திவிட்டு நடந்தாள். பாதி தூரம் போனதும் செங்கல் புரண்டது. திரும்பி வந்து இரண்டு செங்கல் வைத்தாள். மறுபடி நடந்தாள். இழுத்ததும் நுனி நழுவியது. ஏழு வருஷத்துக்கு முன் இதே மனையில் ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை அவர் தம்பி பிடித்திருப்பான். அவள் வகுப்பில் இருந்திருப்பாள். நாலாவது தடவை நுனியில் கயிறு கட்டி, ஜன்னல் கம்பியில் முடிந்தாள்.

இடது பக்கம் முப்பத்தொன்பது அடி. வலது பக்கம் முப்பத்தெட்டரை.

படியிலேயே உட்கார்ந்து நோட்டில் கூட்டிப் பார்த்தாள். ஒன்பது அங்குலச் சுவர் நான்கு, மூன்று அடி. முன்னறை பதினான்கு, சமையலறை பத்து, படுக்கையறை பன்னிரண்டு. முப்பத்தொன்பது. ஓர் அங்குலம் மீதி இல்லை. சின்ன மனை. நேராக்குகிறேன் என்று அரை அடியைப் பின்சந்துக்கு விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வந்திருக்காது. மூன்று அறைக்கும் இரண்டிரண்டு அங்குலமாகப் பங்கு போட்டிருந்தால் மூன்று அறையும் கோணல். முன்னறையில் வைத்திருந்தால் வருகிறவன் போகிறவன் கண்ணெல்லாம் அதில்தான். சமையலறையில் வைத்திருந்தால் மேடை சுவரோடு ஒட்டாது. இடுக்கில் அவள்தான் வாழ்நாளெல்லாம் துடைத்துக்கொண்டு நின்றிருப்பாள்.

மற்ற இரண்டு அறையிலும் டைல்ஸ் ஒட்டிவிட்டு அந்த அறைக்கு மட்டும் ஏன் வெறும் சிமெண்ட் தரை என்று அப்போது கொஞ்சம் வருத்தப்பட்டிருக்கிறாள். டைல்ஸின் நேர்கோடு சுவரின் கோணலைக் காட்டிக்கொடுத்துவிடும். எவ்வளவு எளிய கணக்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுத்தால் போட்டிருக்கும். ஏன் இப்படி என்று அவள் ஒரு தடவை கேட்டிருந்தால் போதும்.

சாயங்காலம் போன் செய்தாள். பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது.

"சொல்லு. மோட்டார் ரிப்பேரா?"

"இல்லங்க. நாளைக்கு நான் அங்க வரேன்."

"இங்க எதுக்கு? தூரம்."

"நாலு மணி நேரம்தான."

"சரி. ஸ்டாண்டுக்கு வரேன்," என்றார்.

ஞாயிறு மத்தியானம் அவர் ஸ்டாண்டில் நின்றார். இளைத்திருந்தார். கழுத்து கறுத்திருந்தது. அவள் பையை வாங்கிக்கொண்டு இரண்டடி முன்னால் நடந்தார். கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட வரிசை அறைகள். அவருடையது கடைசி. ஒரு கட்டில், ஒரு கொடி, ஆணியில் ஒரு சட்டை, ஒரு தட்டு, ஒரு டம்ளர். அவர் டம்ளரைக் கழுவித் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும் வரை நின்று, அதே டம்ளரை வாங்கித் தானும் குடித்தார். கட்டிலில் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, கவிழ்த்துப்போட்ட சிமெண்ட் சட்டியின் மேல் உட்கார்ந்தார்.

ஊரெல்லாம் அறை கட்டுகிறவர் இந்த அறையில் ஏழு மாதமாகத் தூங்குகிறார். அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். நேற்று ராத்திரி அவளே வரைந்தது. மனையின் எல்லை, இரண்டு பக்க நீளம், மூன்று அறைகள், அரை அடி எங்கிருந்து வந்து எங்கே போனது என்று அம்புக்குறி. அச்சடித்த மாதிரி சுத்தமாக இருந்தது.

"நான்தான் தப்பு பண்ணிட்டேன். நீங்க ஒண்ணும் தப்பா கட்டல. நாளைக்கு இத பெரிய அட்டையில போட்டு, அதே எடத்துல மாட்டறேன். எல்லாப் பிள்ளைங்களுக்கும் சொல்றேன். பெத்தவங்களும் பாக்கட்டும்."

அவர் தாளை வாங்கினார். தொழில்காரர் பார்க்கிற பார்வை பார்த்தார். "நல்லா போட்டிருக்க. சொவரு தடிமன்கூட விடல." மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "மாட்டாத."

"ஏங்க?"

"மறுபடியும் அந்த ரூமையா மாட்டப் போற?"

அவளுக்கு உடனே புரியவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதே குறைவு.

"கோணல எங்க வைக்கறதுன்னு நாலு நாள் யோசிச்சேன். அந்த ரூமுக்கு வெளியாள் வரமாட்டான், நீயும் நானும்தான்னு அங்க வச்சேன். பீரோவ அந்தச் சொவத்துல போட்டா நமக்கே தெரியாது. நீ முப்பது பேர அதுக்குள்ள கூட்டிட்டுப் போயிட்ட. சரி, பசங்கதான. தப்புன்னு எழுதின, அதுகூடப் பரவால்ல. ஊரு சிரிச்சுது, நாலு நாள்ல மறந்துரும். ஆனா நீ எல்லாத்தையும் ஏன்னு கேளுன்னு சொல்லித் தர ஆளு. சோப்ப சீவி வச்சுட்டு ஏன்னு கேக்கச் சொல்ற. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல பாரு."

வெளியே யாரோ இரும்புக் கம்பியை இறக்கும் சத்தம். அவள் அழவில்லை. அழுதால் அவர் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும்; அந்த வேலையையும் அவருக்குக் கொடுக்க அவளுக்கு விருப்பமில்லை.

"நீங்க ஏன் சொல்லல? அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல."

"அத்தன பேரு முன்னாடி டீச்சர் போட்ட கணக்கு தப்புன்னு சொல்லச் சொல்றியா?"

அவள் தாளை நான்காக, எட்டாக மடித்துப் பைக்குள் அடியில் செருகினாள். "வீட்ட வரையல. டீச்சர் தப்பா சொல்லிட்டேன், கேக்காம எழுதிட்டேன்னு மட்டும் நாளைக்குச் சொல்றேன்."

"அத சொல்லு."

"சொல்லிட்டா வருவீங்களா?"

அவர் எழுந்து கொடியில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "மேனேஜர்கிட்ட சரின்னு வாக்கு குடுத்துட்டேன். என்ன நம்பி பதினெட்டுப் பேர வரச் சொல்லியிருக்காங்க. இப்ப இல்லன்னு சொன்னா நல்லாருக்காது."

"ஒரு வருஷமா?"

"ஒரு வருஷம்."

அவர் அப்படித்தான். சொன்ன சொல்லைக் கட்டின சுவர் மாதிரி நினைப்பவர். அதற்காகத்தான் அவரை அவள் கட்டிக்கொண்டதே. இப்போது அதையே குறை சொல்ல முடியாது.

கடையில் சாப்பிட்டார்கள். அவர் தன் தட்டிலிருந்து எதையும் எடுத்து அவளுக்கு வைக்கவில்லை, முன்பெல்லாம் வைப்பார். ஆனால் அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். வீட்டைப் பற்றிக் கேட்டார். மகளைப் பற்றிக் கேட்டார். மோட்டாரைப் பற்றிக் கேட்கவில்லை. முன்னறை விளக்கு எரியவில்லை என்று அவளாகச் சொன்னாள். "தம்பிய கூப்பிட வேண்டியதுதான?" என்றவர், சற்றுப் பொறுத்து, "கூப்பிட மாட்ட," என்றார்.

நாலரை மணி பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவர் கீழே நின்று பையை ஜன்னல் வழியாகக் கொடுத்தார். பஸ்ஸை அப்படி இப்படிப் பார்த்தார், டயரைப் பார்த்தார்.

"அடுத்த வாரம் இல்ல, அதுக்கடுத்த வாரம் மேல்தளம் போட்டு முடிச்சுருவோம். சனிக்கெழம சாயங்காலம் கெளம்பி வரேன்."

வீடு கட்டும் எவரும் மேஸ்திரி சொல்லும் தேதியை நம்பி, புதுவீட்டில் பால் காய்ச்சும் பாத்திரத்தை மூட்டை கட்டுவதில்லை. அவரே சொல்லிச் சிரிக்கிற விஷயம் அது.

"இது மேஸ்திரி சொல்ற தேதியா, என் வீட்டுக்காரர் சொல்ற தேதியா?"

அவர் சிரித்துவிட்டார். ஏழு மாதத்தில் முதல் தடவை. சிரித்த வாயைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"மழை பெஞ்சா மேஸ்திரி. பெய்யலன்னா வீட்டுக்காரர்."

வண்டி நகர்ந்தது. அவர் கையை ஆட்டவில்லை. ஆட்டும் பழக்கம் இல்லாதவர். திரும்பும் இடம் வரைக்கும் நின்ற இடத்திலேயே நின்றார். அப்புறம் மதில் வந்து மறைத்தது. அவள் வானத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை. பதிமூன்று நாள், அதற்குப் பிறகும் ஒரு நாள்தான் இருப்பார். அப்புறம் மறுபடி இந்த பஸ், மறுபடி ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஒரு வருஷத்தில் எத்தனை சனிக்கிழமை என்று மனசு தானாகக் கணக்குப் போட ஆரம்பித்தது. அதை நிறுத்தினாள்.

அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது. கைக்குழந்தையோடு ஒரு பெண் அவள் பக்கத்து இருக்கையைப் பார்த்து நின்றாள்.

"அக்கா, இங்க ஆள் வராங்களா?"

"இல்லம்மா," என்றாள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "உக்காரு."